மண்ணோடு சேரும் இடத்துக்கு எந்த மரம்? வன்னித் தோட்டமொன்றின் நிகழ்வு ஆய்வு

தேவையும் இடமும்

இந்த ஆய்வுக்கு உட்பட்ட தோட்டம், கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள குடியேற்றக் கிராமமொன்றில், அரை ஏக்கர் காணியின் முன்புறத்தில் அமைந்திருக்கிறது. 2009 இல் எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கமிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே வீட்டையும் தோட்டத்தையும் நடத்திவருகின்ற ஒருவருக்கு அது உரியது. நான் அவரை அக்கா என்றே அழைப்பது வழக்கம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். நான் அயலில் வசிப்பவன். இளைஞர்களுக்கு மரவேலை கற்பிப்பது என் தொழில். 2018 இல் அங்கு முதலில் கட்டியவனும் நானே. ஆகவே கீழே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

அக்காவின் தேவை தெளிவானது. நாற்காலியில் இருந்தபடி கை எட்டும் உயரத்தில் கீரையும் மிளகாயும் கத்தரியும் வைக்க மூன்று மேட்டுப்பாத்திகள் வேண்டும். அதே உயரத்தில் அல்லிக்கும் சிறு மீன்களுக்கும் ஒரு தொட்டி வேண்டும். பாத்தி ஒவ்வொன்றும் 8 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம் என்று தீர்மானித்தோம். இரு பக்கத்தாலும் நாற்காலி போய்வரும் என்பதால், ஒரு பக்கத்தில் இருந்து ஒன்றரை அடி எட்டினால் போதுமானது. தொட்டிக்கு நீளம் 8 அடி, அகலம் 4 அடி, உயரம் 2 அடி. சீமெந்துக் கல்லால் கட்டிவிடலாமே என்று அயலவர் பலர் கேட்டனர். மத்தியான வெயிலில் சூடேறிய கல்லில் முழங்கை ஊன்ற இயலாது என்பதும், காலில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சொரசொரப்பான சுவரில் கால் உரசிக் காயம் பட்டாலும் அது தெரியவராது என்பதும் அவர் மறுத்தமைக்கான காரணங்கள். “கல்லாலை கட்டினால் பிறகு உயரத்தைக் கூட்டிக் குறைக்கேலாது தம்பி, மரமெண்டால் கழட்டிப் பூட்டலாம்” என்றும் சொன்னார். இந்த மூன்று காரணங்களும் சரியானவை என்றே இன்றும் கருதுகிறேன்.

வன்னியில் மரத்துக்கு இரண்டு எதிரிகள் உண்டு. இரண்டும் பருவத்தோடு வருபவை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மாரியில் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் மண்ணைத் தொட்டிருக்கும் மரம் காயவே முடியாது. பின்னர் வைகாசியில் தொடங்கும் சோளகக் காற்று புரட்டாதி வரை அதே மரத்தைச் சுருங்கப் பண்ணி வெடிக்க வைக்கிறது. ஈரத்தில் பூஞ்சணமும், காய்ந்த காலத்தில் வெடிப்புகளின் வழியே ஏறும் கறையானும் ஒன்றுக்கொன்று வழி திறந்து கொடுக்கின்றன.

2018 இல் கட்டியது

ஆவணி மாதத்தில் வேலை தொடங்கி மாரிக்கு முன் முடித்தோம். கையில் இருந்த பணத்துக்கு ஏற்ப மரம் சேர்த்தோம். முதலாவது பாத்தியைப் பொருள் ஏற்றி இறக்கும் தட்டுகளில் இருந்து கழற்றிய பைன் பலகையாலும், இரண்டாவதை ஒரு அங்குல மாம்பலகையாலும், மூன்றாவதை அந்த வளவிலேயே காற்றில் சாய்ந்த வேம்பொன்றை அரிந்து எடுத்த பலகையாலும் கட்டினோம். தொட்டிக்கு மாத்திரம் தேக்கு வாங்கினோம். பலகை ஒரு அங்குலத் தடிப்பு. தூண்கள் 4 அடிக்கு ஒன்றாக நட்ட இளந்தேக்குக் கம்புகள். தேக்கு என்றால் கறையான் தொடாது, தண்ணீருக்கும் தாங்கும் என்று நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

தூண்கள் எல்லாவற்றையும் ஒன்றரை அடி ஆழத்துக்கு நேரே மண்ணில் புதைத்தோம். புதைத்த பகுதிக்கும் பலகைகளின் வெளிப்புறத்துக்கும் வாகனக் கழிவு ஒயில் பூசினோம். வேலிக்கப்புக்கு ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். பாத்திகளை நிரப்ப மண் போதாமையால் அடியில் ஓரடி உயரத்துக்குப் பழைய விறகுக் கட்டைகளை அடுக்கி, அதன்மேல் செம்மண்ணும் மாட்டெருவும் இட்டோம். தொட்டியின் உள்ளே தறப்பாளை இரண்டாக மடித்து விரித்தோம். பலகையில் உரசாதிருக்க அதற்கும் பலகைக்கும் இடையே வெறும் சீமெந்துப் பைகளை மடித்துச் செருகினோம்.

அது எப்படி விழுந்தது

2018 டிசெம்பர் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வளவில் இரண்டு நாட்கள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தபின் பாத்திகள் நின்ற இடத்தில்தான் நின்றன. மரம் நன்றாகத் தாங்கிவிட்டது என்று மகிழ்ந்தோம். அழிவு உள்ளே தொடங்கிவிட்டதை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

பைன் பலகைகள் அடுத்த பங்குனியில் கைவிரலால் நோண்டக்கூடியதாக ஆகிவிட்டன. மாம்பலகை சற்று நின்றது. முதலில் கருநீலக் கறை படர்ந்தது. பின்னர் குண்டூசித் தலையளவு துளைகளில் இருந்து மாவு போன்ற தூள் கொட்டத் தொடங்கியது. ஓராண்டு முடியமுன் உளுத்துப்போயிற்று. இவ்விரண்டிலும் எனக்கு வியப்பில்லை. மலிவான மரம், மலிவான ஆயுள்.

மூன்றாவது பாத்தியின் வேம்புப் பலகைதான் எனக்குப் பாடமாக அமைந்தது. அடிப்பலகை ஒன்றைக் கழற்றி வெயிலில் வைத்துப் பார்த்தோம். அகலம் 9 அங்குலம். அதில் ஒரு பக்கம் 6 அங்குலம் செந்நிற வைரம், அதாவது மரத்தின் முற்றிய உட்பகுதி. மறுபக்கம் 3 அங்குலம் வெளிறிய வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய இளம்பகுதி. அந்த வெள்ளைப் பகுதி முழுவதையும் கறையான் தின்று, உள்ளே மண் நிரப்பி, மேலே கடதாசி போன்ற ஒரு தோலை மட்டும் விட்டிருந்தது. வைரம் தொடங்கும் கோட்டில், நூல் பிடித்து நிறுத்தியது போல, தின்பது நின்றிருந்தது. வைரத்தின் மேல் மண்பாதை ஊர்ந்து போயிருந்தது. மரத்தில் சில கீறல்களுக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரே மரம், ஒரே பலகை, ஒரே மண். வேம்பைக் கறையான் தொடாது என்ற ஊர்ப்பேச்சு, அந்தப் பலகையின் மூன்றில் இரண்டு பங்குக்கு உண்மையாகவும் மீதிக்குப் பொய்யாகவும் இருந்தது.

அடியில் நாங்கள் இட்ட விறகுக் கட்டைகள் முழுவதும் கறையான் கூடாக மாறியிருந்தன. மண்ணுக்குள் உணவை வைத்து, அதைச் சுற்றி மரச்சுவர் எழுப்பியிருந்தோம். கட்டைகளை முடித்த பின்னரே அவை சுவருக்கு வந்திருக்கின்றன.

தொட்டி 2019 கார்த்திகையில் ஒரு காலையில் உடைந்தது. அதற்கு முன்பே நீளப்பக்கப் பலகைகள் நடுவில் ஒன்றரை அங்குலம் வெளியே பிதுங்கியிருந்தன. பெருமழைக்குப் பின் இரண்டு தூண்கள் மண்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே முறிந்து, ஏறக்குறைய 1,600 லீற்றர் தண்ணீர் ஒரே வீச்சில் முற்றத்தில் பாய்ந்தது. அந்தப் பக்கத்தில்தான் அக்கா வழக்கமாக நாற்காலியை நிறுத்துவார். அன்று தேநீருக்காக உள்ளே போயிருந்தார். இந்த ஆய்வை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

முறிந்த தூண்களைத் தோண்டி எடுத்தபோது, மண்ணுக்கு மேல் ஓரடியில் மரம் உறுதியாக இருந்தது. ஆழத்தில் கிடந்த நுனியும் ஓரளவு உறுதியாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவே, மண்மட்டத்தை ஒட்டிய ஆறு அங்குலம் மட்டும் நனைந்த ரஸ்க் போல நொறுங்கியது. மரத்தை உக்கச்செய்யும் பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். மரத்தின் ஈரம் அதன் காய்ந்த எடையில் 20 வீதத்துக்குக் குறைந்தால் அது வளராது. ஆழமண்ணிலோ நீருக்கடியிலோ காற்று போதாமையால் அதன் வேகம் குறைந்துவிடும். மண்மட்டத்தில் இரண்டும் உண்டு. எந்தத் தூணும் முதலில் அங்கேயே முறிகிறது. வெட்டுமுகத்தைப் பார்த்தபோது மற்றொன்றும் விளங்கியது. நாங்கள் வாங்கிய இளந்தேக்குக் கம்பில் நடுவே பெருவிரல் பருமனுக்குத்தான் வைரம் இருந்தது. சுற்றிலும் இருந்ததெல்லாம் வெள்ளை. தேக்கின் புகழ் முழுவதும் அதன் வைரத்தின் புகழ். வெள்ளைக்கு எந்த மரத்திலும் ஆயுள் இல்லை. அது மரம் உயிரோடு இருந்தபோது நீரையும் மாவுச்சத்தையும் தாங்கிய பகுதி, பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் உணவு.

ஊரின் மூத்த ஆசாரியார் ஒருவரை அழைத்து அந்தத் துண்டுகளைக் காட்டினேன். அவற்றைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, நீர் பேரைக் கேட்டு வாங்கினீர், துண்டைப் பார்த்து வாங்கேல்லை” என்றார். அக்காவிடம், “பிள்ளை, இனித் தூணை மண்ணுக்கை நடவேண்டாம், அந்தக் காலத்து வீட்டுக் கப்பெல்லாம் கல்லுக்கு மேலதான் நிண்டது” என்றும் சொன்னார். இரண்டாவது கட்டுமானம் இந்த இரண்டு சொல்லையும் வைத்தே திட்டமிடப்பட்டது.

ஒயில் பற்றியும் சொல்லவேண்டும். முதல் மாரியிலேயே தொட்டி நீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது; விட்டிருந்த கப்பி மீன்கள் மூன்று நாட்களில் செத்து மிதந்தன. கழிவு ஒயிலில் இயந்திரம் தேய்ந்து வரும் உலோகத் துகள்களும் எரிந்த எண்ணெயின் எச்சங்களும் இருக்கின்றன. உண்ணும் கீரை வளரும் மண்ணுக்கு அருகே அதைப் பூசியது தவறு. அது மரத்தைக் காக்கவும் இல்லை. ஒயில் பூசிய தூண்களே முறிந்தன.

சுமையைக் கணக்கிட்டபோது

முதல் தடவை நான் கணக்குப் போடவில்லை. இரண்டாவது தடவை போட்டேன். தொட்டியில் நீர் 55 சென்ரிமீற்றர் ஆழம். நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடுவதால், நீளப்பக்கச் சுவரின் ஒவ்வொரு மீற்றரையும் வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம், 2.4 மீற்றர் நீளத்துக்கு 360 கிலோ. ஆறு அங்குலப் பலகைகள் நான்கு வரிசை என்று எடுத்தால், மீற்றருக்கு அடிவரிசை 71 கிலோவையும், அதற்கு மேல்வரிசை 49 கிலோவையும், அடுத்தது 26 கிலோவையும், உச்சிவரிசை வெறும் 5 கிலோவையும் தாங்குகின்றன. அதாவது, கீழிரு வரிசைகளே மொத்தச் சுமையில் ஐந்தில் நான்கு பங்கைச் சுமக்கின்றன. ஈரமும் கறையானும் வருவதும் அந்த இரு வரிசைகளுக்கே. நான்கு வரிசைக்கும் ஒரே மரத்தை வாங்கத் தேவையில்லை என்பதும், பணத்தைக் கீழே செலவிட்டு மேலே சிக்கனம் பிடிக்கலாம் என்பதும் இந்தக் கணக்கில் இருந்து தெளிவாயின.

பிதுக்கத்துக்கும் கணக்கு உண்டு. பலகையின் தடிப்பை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். தூண்களுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் வளைவு பதினாறில் ஒன்றாகக் குறையும். 4 அடித் தூரத்தை 2 அடியாக்கி, ஒரு அங்குலப் பலகையை ஒன்றரை அங்குலமாக்கினாலே, அதே மரம் முன்னையதைவிட 54 மடங்கு குறைவாக வளையும். தடித்த மரத்தைத் தேடி அலைவதைவிட இன்னும் இரண்டு தூண் நடுவது எவ்வளவு மலிவானது என்பதை நான் முன்னரே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பாத்திகளில் சுமை இதைவிடக் குறைவு. நீர் வடியும் மண், தண்ணீரைப்போல் முழுவிசையோடு பக்கவாட்டில் தள்ளுவதில்லை. மாரியில் நீர் வடியாது தேங்கினால் மட்டும் நிலைமை மாறும். ஆகவே பாத்திக்குத் தடித்த மரத்தைவிட நல்ல வடிகாலே முக்கியம்.

மறுத்த மரங்கள்

மரம் தேடிய இரண்டு மாதங்களில் பலரும் பலவற்றைத் தர முன்வந்தனர். ஒருவர் தண்டவாளத்தின் கீழ் குறுக்கே இடும் பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள் தருவதாகச் சொன்னார். 1990 இல் நின்றுபோன வடபாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்களும் போர்க்காலத்தில் பங்கர் கட்டப் போயின. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பியபோது பாதை கொங்கிறீற் சிலிப்பர்களில் போடப்பட்டிருந்தது. பழைய கட்டைகள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. அவற்றுள் சில வெறும் பாலைமரக் கட்டைகள். சில உக்காதிருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊட்டியவை. மத்தியான வெயிலில் கட்டையருகே நின்று மூக்கை வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். எங்களுக்குக் காட்டிய கட்டையில் வெடிப்புகளின் வழியே கறுப்புத் தார்த்துளிகள் கசிந்து, மணம் நெஞ்சில் ஏறியது. கிரியோசோட்டில் உள்ள நிலக்கரித்தார் சேர்மங்கள் மீனுக்கும் மனிதருக்கும் கேடானவை. தோலில் படுவதே நல்லதல்ல. நாள்தோறும் முழங்கை ஊன்றுகின்ற ஒருவருக்கு அந்தக் கட்டை கூடாது. மேலும் அது அரச உடைமை. யார் கையில் இருந்து வந்தது என்ற பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்குவதும் முறையன்று.

பச்சைநிறம் ஏறிய மருந்தூட்டிய தூண்கள் அடுத்தவை. செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றையும் அழுத்தத்தில் ஏற்றிய மரம் நீண்டகாலம் நிற்கும் என்பது உண்மை. அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டுப் பாவனைக்கு அதை உற்பத்தி செய்வது நிறுத்தப்பட்டதற்குக் காரணம் அந்த ஆசனிக். ஆசனிக் நீங்கிச் செம்பை மட்டும் நம்புகின்ற புதிய மருந்துகளும் தொட்டிக்கு ஆகா. மிகச் சிறிதளவு செம்பே மீனைக் கொல்லும். போரிக் மருந்து மனிதருக்கு அவ்வளவு கேடில்லாதது என்றாலும் மழையில் கரைந்து வெளியேறிவிடும். கூரைக்குக் கீழுள்ள மரத்துக்கே அது பயன்படும்.

முதிரை வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். அதன் வைரம் மண்ணிலும் நிற்கக்கூடியது. ஆயினும் மெல்ல வளர்ந்து காடுகளில் அருகிவரும் ஒரு மரத்தைக் கீரைப்பெட்டிக்கு அரிவதை என் மனம் ஏற்கவில்லை. அதன் தூள் தோலில் கடியையும் சொறியையும் உண்டாக்கும் என்பதை முதிரை சீவிய எந்தத் தச்சரும் அறிவார். தென்னைப் பலகை மலிவாகக் கிடைத்தது. வெளிப்புற வைரம் உறுதியானதுதான், ஆனால் மண்ணீரத்தில் சில ஆண்டுகளே நிற்கும்.

எடுத்த மரங்கள்

தூணுக்கும் தொட்டியின் கீழிரு வரிசைகளுக்கும் பாலை என்று தீர்மானித்தோம். பாலை தண்ணீரில் தாழும் அளவுக்குக் கனமானது. அதன் வைரத்தைக் கறையான் எளிதில் அணுகாது. ஆனால் நிற்கும் பாலையைத் தறிப்பதற்கு நாங்கள் உடன்படவில்லை. ஆனி, ஆடியில் பழம் தந்து பறவைக்கும் கரடிக்கும், இடப்பெயர்வுக் காலத்தில் எங்களுக்கும் பசி தீர்த்த மரம் அது. பழைய நெற்களஞ்சியமொன்றை உரிமையாளர் பிரித்தபோது அதன் உத்தரங்களை விலைக்கு வாங்கி, கிராம அலுவலரின் கடிதத்தோடு மரக்காலைக்குக் கொண்டுபோனோம். மரத்தை ஏற்றிப் பறிக்க வனத் திணைக்களத்தின் வழியனுமதி எப்போது தேவை என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. வழியில் மறித்தபின் விளக்கம் சொல்வது எளிதல்ல.

அந்த உத்தரங்களை அரிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வன்னியில் மரக்காலைக்காரர்கள் பழைய மரத்தை வாங்கவும் அரியவும் தயங்குவார்கள். எறிகணைத் துண்டோ சன்னமோ உள்ளே இருந்தால் வாள் பல் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். அரிபவர் காந்தத்தை உத்தரத்தின் நான்கு பக்கமும் மெல்ல இழுத்துப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. முதல் வெட்டில் பலகை பிரிந்தபோது, செம்பழுப்பு மரத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு மைநிறத்தில் ஒரு கறை தெரிந்தது. அவர் உடனே மெசினை நிறுத்தினார். மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். கறை தெரிகிறது என்றால் இரும்பு அருகில் இருக்கிறது. உளியால் அரை அங்குலம் எடுத்தபோது, புளியங்கொட்டையளவில், ஓரங்கள் மடிந்த சாம்பல்நிற இரும்புத் துண்டொன்று வந்தது. சுற்றியிருந்த மரம் அதை இறுகப் பிடித்திருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். அந்த உத்தரத்தின் மீதியை ஒதுக்கி வைத்தோம். பழைய மரம் வாங்குபவர்கள் காந்தத்தை மட்டும் நம்பாமல், கறையையும் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாத்திகளின் கீழிரு வரிசைகளுக்குப் பனை. பனைக்கு ஆண்டு வளையம் இல்லை. ஏனைய மரங்களுக்கு வைரம் உள்ளே இருக்க, பனைக்கு வைரம் வெளியே இருக்கிறது. காழ் வெளியில் உள்ளதைப் புல் என்றும் உள்ளே உள்ளதை மரம் என்றும் பழந்தமிழ் இலக்கணத்தார் பிரித்ததும் இதனால்தான். ஆகவே பனையில் தெரிவு செய்யும் முறை தலைகீழானது: வெளியோரத்தை வைத்துக்கொண்டு உள்ளே உள்ள மென்மையான சோற்றை நீக்கவேண்டும். மீள்குடியேற்றத்தின்போது பங்கர்களில் இருந்து கிளப்பிய பனங்குற்றிகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே சோறு முழுவதும் மண்ணாகி, வெளியே கறுப்பு நார் கொண்ட ஓடு மட்டும் குழாயாக நின்றது. அந்த ஓடுதான் பலகைக்கு வேண்டியது. முற்றிய பனையின் அடிப்பகுதியில் அது ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாது இருக்கும்; மேலே போகப்போக மெலிந்துவிடும். பனையைத் தறிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலாவோடு பெண்பனையும் அடங்கும். நாங்கள் எடுத்தவை வீதி அகலிப்புக்காக அனுமதியோடு தறித்த பனைகள்.

மேலிரு வரிசைகளுக்கு, பாத்தியில் பழைய வேம்புப் பலகைகளின் வைரப் பகுதியையும் தொட்டியில் தேக்கு வைரத்தையும் இட்டோம். தேக்கு வாங்கும்போது இம்முறை ஒவ்வொரு பலகையின் வெட்டுமுகத்தையும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். துடைத்தவுடன் வைரமும் வெள்ளையும் வேறாகத் தெரியும். கடைக்காரர் சினந்தாலும் இதைக் கைவிடக்கூடாது. வாங்கிய பலகைகளை நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கி, ஒரு துண்டை ஞாயிறுதோறும் தராசில் நிறுத்து, எடை மாறாமல் நின்றபின்னரே வேலையைத் தொடங்கினோம்.

2020 இல் கட்டிய முறை

எந்த மரமும் நிலத்தைத் தொடவில்லை. மண்ணில் இருந்து ஆறு அங்குலம் உயர்ந்த கொங்கிறீற் கட்டைகளில் இரும்புப் பட்டியைப் பதித்து, அதில் 4 அங்குலச் சதுரப் பாலைத் தூண்களைப் போல்ட் கொண்டு இறுக்கினோம். கட்டைக்கும் தூணுக்கும் இடையே, ஓரங்களைக் கீழ்நோக்கி மடித்த தகரமொன்றை வைத்தோம். தகரம் கறையானை முற்றாகத் தடுத்துவிடாது. அதைத் தாண்டவேண்டுமானால் கறையான் வெளியே மண்பாதை கட்டவேண்டும், அது கண்ணுக்குத் தெரியும். நாற்காலியில் இருந்தபடி அக்கா ஞாயிறுதோறும் தகரவிளிம்பைப் பார்ப்பார். பாதை தெரிந்தால் தடியால் தட்டிவிடுவார்.

பாத்திகளின் அடியில் விறகு இடவில்லை. உடைந்த செங்கல்லும் கிரவலும் ஆறு அங்குலம், அதன்மேல் மண். பலகைகளுக்கு இடையே கால் அங்குல இடைவெளி விட்டு, உட்புறத்தில் நிழல்வலை விரித்தோம். மண் நிற்கும், நீர் வடியும்.

தொட்டிக்குத் தூண்கள் 2 அடிக்கு ஒன்று. நீளப்பக்கங்கள் இரண்டையும் நடுவில் இணைக்க மேலே ஒரு பாலைக் குறுக்குச் சட்டம். கீழிரு பலகைகள் இரண்டு அங்குலம், மேலிரண்டு ஒன்றரை அங்குலம். உள்ளே 1000 கேஜ் (கால் மில்லிமீற்றர் தடிப்பு) கறுப்புப் பொலித்தீனை இரண்டு மடிப்பாக விரித்தோம். முன்னர் ஈரத்தைப் பிடித்து வைத்த சீமெந்துப் பைகளுக்குப் பதிலாக, ஒரு சுற்று மெல்லிய தட்டையான பிளாஸ்ரிக் தகட்டை மட்டும் இட்டோம். பலகையின் வெளிப்புறம் காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. புதிதாக அரிந்த பாலையும் தேக்கும் நனைந்தால் துவர்நிறச் சாறு கசியும் என்பதனால், விரிப்பு கிழியாதிருப்பது மீன்களுக்கும் பாதுகாப்பு.

பாலையிலும் பனையிலும் நேரே ஆணி அறைந்தால் ஆணி வளையும் அல்லது மரம் வெடிக்கும். ஒவ்வொரு திருகாணிக்கும் முதலில் துளையிட்டோம். பனை நார் ஊசிபோலக் கையில் ஏறும். அக்காவின் கை படும் மேல்விளிம்பு முழுவதையும் தேக்கால் மூடி, ஓரங்களைச் சீவுளியால் உருட்டி எடுத்தோம். எவ்விதப் பூச்சும் பூசவில்லை.

நான்கு மாரிகளுக்குப் பின்

கட்டி முடித்த அதே ஆண்டு டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரை கடந்தது. மழை நின்றபின் போய்ப் பார்த்தேன். தொட்டியின் நீளப்பக்கத்தில் நூலைக் கட்டிப் பிடித்தபோது பிதுக்கம் எட்டில் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. அதன்பின் புரட்டாதிதோறும் எல்லாத் தூண்களையும் அடிப்பலகைகளையும் கூரான ஆணியால் குத்தியும், கொட்டாப்புளியால் தட்டி ஓசை கேட்டும் சோதித்து வருகிறோம்.

2024 புரட்டாதியில் பாலை எதிலும் ஆணி ஏறவில்லை. தேக்குப் பலகைகள் வெயிலில் சாம்பல் நிறமாக மாறியதன்றி வேறு குறை இல்லை. பனையில் ஒரு பலகை மட்டும் தோற்றது. அதன் உட்புறத்தில் கால் அங்குலச் சோற்றை நான் சீவாமல் விட்டிருந்தேன். இரண்டாவது மாரியில் அதன் வழியே கறையான் நுழைந்து, நார்களுக்கு இடையே ஓடியிருந்தது. அதே மரத்தில் அரிந்து, சுத்தமாகச் சீவிய அயற்பலகை அப்படியே இருக்கிறது.

வேம்புதான் எதிர்பாராத தொல்லையைத் தந்தது. உக்கவும் இல்லை, கறையானும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சோளகத்திலும் பலகைகள் கிண்ணம்போல் வளைந்து, இடைவெளி அரை அங்குலமாகி மண் சிந்தியது. அகலப் பலகையாக இட்டதே பிழை. ஆறு அங்குலப் பலகை ஒவ்வொன்றையும் மூன்று அங்குலமாகப் பிளந்து திரும்பப் பூட்டியபின் வளைவு அடங்கிவிட்டது. வேம்பு கிடைப்பவர்கள் அதை ஒதுக்கவேண்டியதில்லை. மேல்வரிசையில், ஒடுக்கமான பலகையாக, வெள்ளை நீக்கி இடலாம்.

பொலித்தீனின் மேல்விளிம்பு வெயில் பட்ட இடத்தில் இரண்டாம் ஆண்டிலேயே வெடித்தது. விளிம்புப் பலகையை உட்பக்கமாக இரண்டு அங்குலம் நீட்டி நிழல் கொடுத்தோம். மெல்லிய நாகமுலாம் பூசிய திருகாணிகள் பாலையில் கறள் கட்டி மரத்தையும் கறுப்பாக்கின. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கறள் பிடிக்காத உருக்குத் திருகாணிகளை இடுகிறோம். முதலிலேயே அவற்றை வாங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும்.

தொட்டியில் இப்போது அல்லி இரண்டு நிறத்தில் பூக்கிறது. கப்பிகள் பெருகி நுளம்புக் குடம்பி ஒன்றையும் விடுவதில்லை. தோற்றுப்போன பனைப் பலகையின் இடத்தில், களஞ்சிய உத்தரத்தில் ஒதுக்கி வைத்த பாலைத் துண்டை, கறை பட்ட பகுதியை வெட்டிவிட்டு, மாரிக்கு முன் பூட்டினோம். அந்தப் பலகையின் எண்ணையும் பூட்டிய திகதியையும் அக்கா தன் தோட்டக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்.